விரல்களின் விலை - கையில் பிடிக்கும் மின்கருவிகளின் கதை

முசிறி என்றதும் பலருக்கும் கோரைப் பாய்தான் நினைவுக்கு வரும். காவிரிக் கரையில் விளைகிற கோரையை அறுத்து, தண்டைக் கத்தியால் கீறி, வெயிலில் காயவைத்து நெய்கிற வேலை. அந்தக் கத்தியில் ஒரு முறையாவது கையை அறுத்துக்கொள்ளாதவர் அபூர்வம். ஆனாலும் கத்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கை நின்றால் கத்தியும் நின்றுவிடும்!

மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு அந்தக் குணம் கிடையாது. கை நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில விநாடிகள் சுற்றும். அதன் பாதுகாப்பு வரலாறு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்ததுதான்.

முசிறியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கருவிகளின் சத்தம் கேட்கும். கிழக்கே திருச்சிக்குப் போனால், பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். மேற்கே நாமக்கல் போனால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். பாலத்தைத் தாண்டிக் குளித்தலை வழியாகக் கரூர் போனால் பேருந்துக்கு பாடி கட்டும் கூடங்கள். எல்லா இடத்திலும் டிரில்லிங் மெஷினும் ஹேண்ட் கிரைண்டரும் இல்லாமல் வேலை நடக்காது. கிரைண்டரின் சக்கரத்தைப் பாதி மூடியபடி ஒரு தகடு இருக்க வேண்டும். அதற்குப் பெயர் 'கார்டு'. பல பட்டறைகளில் மெஷின் இருக்கும், கார்டு இருக்காது.

அந்தக் கார்டு எங்கே போனது? அதற்குப் பதில் தேட 180 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வேலி போட்ட காலம்

கையில் பிடிக்கும் மின்கருவி வருவதற்கு முன்னால் ஆலைகளில் இருந்தது நீண்ட இரும்புத் தண்டு. நீராவி இயந்திரம் ஒன்று அதைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். பெல்ட்டில் சட்டை நுனியோ தலைமுடியோ சிக்கினால் ஆளையே மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே 1844ல் பிரிட்டன் தன் தொழிற்சாலைச் சட்டத்தில் முதன்முறையாக, இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று எழுதியது. சட்டத்தில் வந்த சொல்லே வேலிதான், வயலுக்குப் போடுவதைப் போல.

இந்தியாவுக்கு அந்தச் சட்டம் 1881ல் வந்தது. (அதற்குத் தொழிலாளர் மீதான அக்கறை மட்டும் காரணமல்ல. பம்பாய் ஆலைகள் மலிவாகத் துணி நெய்து போட்டிக்கு வருவது லங்காஷயர் முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. இந்தியாவிலும் கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்கள் குரல் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள் சில சமயம் இப்படியும் நடக்கின்றன.) அந்தச் சட்டம் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும்தான். 1891ல் அது 50 ஆனது. 1922ல் 20 ஆனது. சுதந்திரம் வந்தபின் 1948ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் போன்ற சக்தியைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்று இறங்கியது. 67 வருடத்தில் 100லிருந்து 10! இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948ம் வருடச் சட்டத்தைப் படித்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். 21ம் பிரிவு வேலி பற்றியது. 22ம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ வேண்டுமானால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள், உடலோடு ஒட்டிய உடை அணிந்துதான் செய்ய வேண்டும் என்கிறது. வேட்டியும் தோளில் துண்டுமாக வேலைக்கு வந்த ஒரு நாட்டில் இந்த ஒரு வரி எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 30ம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. சாணைக்கல் ஓடும் அறையில், அந்தக் கல் எவ்வளவு வேகம் வரை சுற்றலாம் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். 35ம் பிரிவு கண்ணுக்கு.

திருச்சியில் இந்தச் சட்டங்களின் பெரிய மாணவன் பொன்மலைப் பணிமனை. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்தில் இருந்த தன் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது 1928ல். (அதோடு வந்த ஆட்குறைப்பை எதிர்த்து அதே வருடம் ஜூலையில் நடந்த வேலைநிறுத்தம் தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.) பெரிய பணிமனைகளில் இயந்திரங்கள் தரையில் போல்ட் போட்டு நிற்கும். சுற்றிலும் கம்பிவலை அடிக்கலாம், மஞ்சள் கோடு போடலாம், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். வேலி போடுவது சாத்தியம்.

இயந்திரம் கைக்கு வந்தது

ஆனால் இயந்திரம் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது.

1889ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் என்ற இருவர் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பாறையைத் துளைப்பதற்கு. கையில் தூக்கக்கூடிய டிரில்லை 1895ல் செய்தது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஃபைன் நிறுவனம். எடை ஏறக்குறைய ஏழரைக் கிலோ! இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுத் தகட்டில் மார்பை வைத்து அழுத்தி ஓட்ட வேண்டும். அந்த மெஷினில் பிட் மாட்டிக்கொண்டு திருகினால் மெஷினோடு ஆளும் சேர்ந்து திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் பால்டிமோரில். பிளாக், டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள் கைத்துப்பாக்கியைப் பார்த்து, அதே மாதிரி பிடியும் விசையும் வைத்து டிரில் செய்தார்கள். 1917ல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகில் உள்ள எல்லா டிரில்லும் இதன் பிள்ளைகள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துப்பாக்கியில் விசையை இழுத்தால் ஆபத்து. டிரில்லில் விசையை விட்டால் பாதுகாப்பு. பிட் மாட்டிக்கொண்டாலோ, ஷாக் அடித்தாலோ, ஆள் தடுமாறினாலோ விரல் நழுவும், மெஷின் நிற்கும். கத்தியிடம் இருந்த அந்த நல்ல குணத்தைக் கொஞ்சமாவது மின்கருவிக்குக் கொடுத்தது இந்த விசைதான். அந்த விசையை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள், 1917க்கு முன்னால் போய்விடுகிறார்கள்.

1920களில் கை ரம்பம் வந்தது. அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவர் லூசியானாவில் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்து, வெட்டுக் கத்தியில் மோட்டாரும் ரம்பத் தகடும் பொருத்தினால் என்ன என்று ஆரம்பித்தார். கரும்பு விளையும் முசிறிப் பக்கத்துக்காரர்களுக்கு இது பிடித்த செய்தியாக இருக்கலாம். கடைசியில் அந்த ரம்பம் கரும்பை விட்டுவிட்டு மரத்துக்குப் போய்விட்டது.

ஹேண்ட் கிரைண்டர் இவை எல்லாவற்றுக்கும் தம்பி. 1954ல் ஜெர்மனியில் அக்கர்மான் - ஷ்மிட் நிறுவனம், பிற்காலத்தில் ஃப்ளெக்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனம், அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சாணைக்கல்லுக்குச் சுற்றிலும் இரும்புக் கூண்டு கட்டலாம், சுவரில் வேகத்தை எழுதி ஒட்டலாம். தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, லாரி பாடிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டும் சாணைக்கல்லுக்கு எங்கே வேலி போடுவது? நூறு வருடமாகப் பேசிவந்த வேலி, உள்ளங்கை அகலத்தில் ஓர் அரைவட்டத் தகடாகச் சுருங்கிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு திருகு. அந்தத் திருகு யார் கையிலும் கழன்று வரும்.

ஏன் கழற்றுகிறார்கள்?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமல்ல. கார்டு இருந்தால் மூலைக்குள் கிரைண்டர் நுழையாது. வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட, நாலு இஞ்ச் மெஷினில் பெரிய சக்கரம் மாட்ட முடியாது. நாலு இஞ்ச் சக்கரம் தேய்ந்தால் ஆழமாக வெட்டாது. ஏழு இஞ்ச் மெஷின் வாங்கக் காசு வேண்டும். கார்டைக் கழற்றினால் ஏழு இஞ்ச் சக்கரத்தை எப்படியாவது மாட்டிவிடலாம். வேலையை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர்.

இதில் உள்ள கணக்கைப் பார்ப்போம். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். சக்கரத்தின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 58 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்! சக்கரத்தின் மேலேயே விநாடிக்கு 80 மீட்டர்தான் உச்ச வேகம் என்று அச்சிட்டிருப்பார்கள். 58க்கும் 80க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பாதுகாப்பு. இப்போது அதே 11,000 சுற்றில் ஏழு இஞ்ச் சக்கரத்தை மாட்டினால் விளிம்பு வேகம் 103 மீட்டரைத் தாண்டுகிறது. ஏழு இஞ்ச் சக்கரத்தின் மேல் 8,500 சுற்று என்று தெளிவாக எழுதியிருக்கும். அதை மீறிச் சுற்றும்போது சக்கரம் துண்டு துண்டாகச் சிதறும். சிதறும் துண்டைத் தடுக்கவேண்டிய தகடோ, அந்தச் சக்கரத்தை மாட்டுவதற்காகவே கழற்றப்பட்டுவிட்டது.

சக்கரத்தின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. மாத்திரைக்கு இருப்பதுபோல அது காலாவதித் தேதி. சக்கரத்தின் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் ஈரத்திலும் காலத்திலும் பலமிழக்கும்.

டிரில்லுக்கு வேறு மாதிரி ஆபத்து. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சுற்றும் பிட்டில் துணிக் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் போதும், விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும். கிரைண்டரில் தீப்பொறிக்குக் கையுறை வேண்டும், டிரில்லில் வேண்டாம். பெல்ட் காலத்து 'உடலோடு ஒட்டிய உடை' விதியின் பேரன்தான் இந்த விதி.

தீக்குச்சி சொருகிய சாக்கெட்

மின்கருவியில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரம் பாய்ச்சி, எவ்வளவு வரை பிடியை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் தசை இறுகிப் பிடியை விட முடியாது. கையில் பிடிக்கும் கருவிக்கு இதைவிட மோசமான செய்தி இருக்க முடியுமா?

500 வாட் டிரில் நம்முடைய 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 2,200 மில்லி ஆம்பியர். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் எரிய 5,000க்கு மேல் வேண்டும். ஆக, ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்ற, கசியும் மின்சாரத்தை உணர்ந்து உடனே துண்டிக்கும் கருவி ஒன்றை டால்சியலே 1961ல் உருவாக்கினார். இங்கே வீடுகளில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதே குடும்பம்தான்.

பழைய டிரில்களுக்கு உடம்பு முழுக்க உலோகம். உள்ளே ஒயர் உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறும். அதனால்தான் மூன்றாவது பின், எர்த். பிறகு பிளாஸ்டிக் உடம்போடு இரட்டைக் காப்பு வந்தது. பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்புக் கருவி, அதற்கு எர்த் தேவையில்லை. பட்டறையில் நடப்பது என்ன? பழைய உலோக மெஷினின் பிளக் உடைந்துபோனதும், ஒயர் முனை இரண்டைச் சீவி சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியைச் சொருகிவிடுவார்கள். பச்சை ஒயர் சும்மா தொங்கும். மெஷின் ஓடும்! எர்த் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடுவதுதான் இதில் உள்ள பெரிய சோகம். இல்லாதது என்றைக்காவது ஒருநாள்தான் தெரியவரும்.

பராமரிப்பு என்று பார்த்தால், வருடத்தில் ஒருநாள் எல்லாக் கருவியும் பளிச்சென்று ஆகிவிடும். ஆயுத பூஜை! துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்க ஓய்வு கொடுப்பார்கள். அந்த ஒருநாள் செய்வதை மாதம் ஒருமுறை செய்தாலே போதும். காற்றுத் துளைகளில் அடைத்த இரும்புத் தூளை ஊதுவது, கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று கழற்றிப் பார்ப்பது, மெஷினுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கார்பன் பிரஷ் மலிவான பொருள். அது முழுதும் தேய்ந்த பின்னும் ஓட்டினால் ஆர்மேச்சர் கெடும், காயில் கட்டக் கொடுக்க வேண்டியதுதான். எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒயரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஒரு முழம்

கார்டு கழற்ற முடியாதபடி அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட இந்தியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசத்தில் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. கதிரைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். தள்ளிய கை திரும்பி வராமல் போன கதைகள் குவிந்தன. 1979ல் இந்தியத் தர நிறுவனம் ஒரு விதி எழுதியது. கதிர் தள்ளும் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும். 1983ல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் என்றே பாராளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது.

45 சென்டிமீட்டர் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. பூக்காரர் அளக்கும் ஒரு முழம்! அந்தத் தொட்டி இயந்திரத்தோடு ஓர் உறுப்பு, ஒற்றைத் திருகில் தொங்குகிற தகடு அல்ல. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் இதையும் தாண்டி, விரல் பட்டவுடன் அதை மின்சாரத்தால் உணர்ந்து ஆயிரத்தில் ஐந்து விநாடிக்குள் நின்றுவிடும் ரம்ப மேசையை உருவாக்கினார். 2004ல் விற்பனைக்கு வந்தது. விரலுக்குப் பதிலாகக் கொத்துக்கறிக் குழலை வைத்து அவர் காட்டிய செய்முறை பிரபலம். கை நின்றால் தானும் நிற்கும் கத்தியின் குணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த மின்கருவி வேறில்லை. விலைதான் முசிறிப் பட்டறைக்கு எட்டாது.

விலைப்பட்டியல்

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 100, 50, 20, 10 என்று இறங்கிவந்த எண். 2020ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 10 பேர் உள்ள நிறுவனங்களுக்குப் பொதுவான கடமைகள் உண்டு. ஆனாலும் எண் முதல்முறையாக மேலே ஏறியிருக்கிறது, 1922க்குத் திரும்பியிருக்கிறது. கார்டு இல்லாத கிரைண்டர் ஓடும் பட்டறையில் பெரும்பாலும் நாலு பேர், ஐந்து பேர்.

அவர்களுக்குப் பொருந்துவது இழப்பீட்டுச் சட்டம். மின்சாரத்தில் ஓடும் பட்டறை என்றால் அது ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. 1923ல் வந்த அந்தச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்ற பட்டியல். 1923ல் கட்டைவிரல் 25, ஆள்காட்டி விரல் 10. வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்குக் குறைந்த விலை! 1962ல் பட்டியலை மாற்றினார்கள். கட்டைவிரல் 30, ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் போனால் 5.

2020 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதன்படி 25 வயதுக்காரருக்குக் கணக்குப் போட்டால், 15,000ல் 60 சதவீதத்தை அந்த வயதுக்கான 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 14 சதவீதம். ஆள்காட்டி விரலின் விலை 2,73,306 ரூபாய் சொச்சம். இந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது, பட்டியலும் கூடவே போயிருக்கிறது.

பட்டியல் தொழிலைக் கேட்பதில்லை. பாய் நெய்கிறவரின் விரலும் கணக்கு எழுதுகிறவரின் விரலும் அதற்கு ஒன்று. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் இதைத் தாண்டியது. இடது கையை இழந்தவர் அவர். பட்டியல்படி குறைந்த சதவீதம்தான் என்று வாதாடினார்கள். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்றது நீதிமன்றம்.

ஆனால் விரல்கள் போனவர்களில் எத்தனை பேர் வழக்குவரை போவார்கள்? போனாலும் ஒரு வரி காத்திருக்கிறது. பாதுகாப்புக்காகக் கொடுத்த சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே, வேண்டுமென்றே கழற்றியிருந்தால், அதனால் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. உயிர் போனாலோ நிரந்தரமாக முழுமையாக முடங்கினாலோதான் இந்த விலக்கு பொருந்தாது. விரல் போவது பகுதி முடக்கம், அதற்குப் பொருந்தும்.

அப்போது கேள்வி இதுதான். அந்தக் கார்டைக் கழற்றியது யார்? ஏழு இஞ்ச் சக்கரத்தை வாங்கிவந்து கொடுத்தவரா, மாட்டியவரா? கழற்றும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீதிமன்றத்தில் என்ன சொல்வார்கள், நாளைக்கும் அதே பட்டறையில் வேலை பார்க்க வேண்டியவர்கள்? கழற்றிய தகடு அநேகமாக வேறெங்கும் போயிருக்காது. அதே பட்டறையில், மெஷின் வந்த அட்டைப் பெட்டிக்குள், பிரிக்காத கையேட்டுக்குப் பக்கத்தில், திருகோடு சேர்ந்து கிடக்கும்.